சாவியைப் பிடுங்கிய பிறகும்

இதை என் மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

என் பழைய டீசல் ஜீப்பில் ஆயில் குறைகிறதென்று, அளவு பார்க்காமல் நானே நிறைய ஊற்றிவிட்டேன். கூடினால் நல்லதுதானே என்ற நினைப்பு. மறுநாள் காலை எட்டு வயது மகளைப் பின்சீட்டில் உட்காரவைத்து, கட்டுமாவடிக்கு மீன் வாங்கப் போனேன்.

மீன் கடைகளுக்கு எதிரே வண்டியை நிறுத்தினேன். இன்ஜின் நிற்கவில்லை. சாவியைப் பிடுங்கினேன். இன்ஜினின் அலறல் இன்னும் கூடியது. கூடுதலாக ஊற்றிய ஆயிலையே எரித்துக்கொண்டு இன்ஜின் தானாக ஓடியது. புகையில் எதிரே இருந்த கடைகள் மறைந்தன. வெடிக்கப்போகிறது என்று குதித்து ஓடினேன்.

முப்பதடி தள்ளி நின்றபோதுதான் மகள் உள்ளே இருப்பது நினைவுக்கு வந்தது. ஆனாலும் கால் நகரவில்லை.

மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா, கூடையை மூடியிருந்த ஈரச்சாக்கை உருவிக்கொண்டு ஜீப்பை நோக்கி ஓடினார். "வந்து பானட்டத் தொறங்க! காத்த அடைச்சாத்தான் நிக்கும். எங்க போட்டு இன்ஜினும் ஒருக்கா இப்புடித்தான் வெறிபிடிச்சு ஓடுச்சு!"

அதன் பிறகே போய்த் திறந்தேன். காற்று இழுக்கும் குழாய்க்குள் அவர் சாக்கைத் திணித்தார். இன்ஜின் விக்கி அடங்கியது.

அந்த அமைதியில் மகள் கேட்டாள்: "என்னய விட்டுட்டு எங்கப்பா போனீங்க?"

இப்போதெல்லாம் அவள் பின்சீட்டில் ஏறுவதில்லை. முன்னால் உட்கார்ந்து, வண்டி நிற்கும்வரை கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடியே வருகிறாள். ஏனென்று நான் கேட்டதில்லை.