தண்டல்காரருக்குப் பக்கத்து வீடு

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். அதற்குப் பிறகு என் கை பிடித்ததெல்லாம் கப்பல் தகட்டில் துரு தட்டும் சுத்தியல்தான். பேனாவையும் அதே அழுத்து அழுத்துகிறேன், தாள் கிழிகிறது. பிழைகளைத் தம் வீட்டுப் பிள்ளை செய்ததாக நினைத்து அச்சுக்கோர்ப்பவர் திருத்திக்கொள்ளட்டும்.

துரு தட்டும் இடத்தில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. கூச்சக்காரனான எனக்கு அது பொருத்தமான வேலை. அப்படிப்பட்ட என்னைத்தான் என் நண்பன் வாடகைக்கு வீடு தேட அனுப்பினான்.

உலகச் சண்டை முடிந்து, ரேஷன் முடியாமல் இருந்த காலம். அவனுக்குத் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை, இரவு ஷிப்டு. ராயபுரத்தில் குடியிருந்தான். தங்கை கல்யாணத்துக்குத் தண்டல் வாங்கினான். கடன் கொடுத்தவர் தினமும் சைக்கிளில் வந்து வாசலில் நின்று கொஞ்சம் கொஞ்சமாக வசூலிப்பார், அதுதான் தண்டல். சில வாரம் ஒழுங்காகக் கட்டினான். பிறகு சைக்கிள் மணி கேட்டாலே பின்பக்கச் சுவர் ஏறிக் குதிக்க ஆரம்பித்தான். வாடகையும் நின்றது. வீட்டுக்காரர் அவன் சாமான்களைத் தெருவில் எடுத்து வைத்துவிட்டார்.

அவன் மனைவி பிரசவத்துக்காக மீஞ்சூரில் தாய்வீட்டில் இருந்தாள். பெண் குழந்தை. மாமியார் ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள்: "மொதல்ல வூடு பாக்கட்டும். நானே வந்து பாப்பேன். புடிச்சாத்தான் பொண்ணையும் கொழந்தையையும் வுட்டுட்டு வருவேன். இல்லாங்காட்டி இங்கியே இருக்கட்டும்."

குழந்தை முகத்தை அவன் இன்னும் பார்க்கவில்லை.

"நீயே போய்த் தேடேன்" என்றேன்.

"நான் தெருவுல தலைய காட்னா தண்டல்காரன் அமுக்கிடுவான் மாமு. நீ போனா யாருக்குத் தெரியும்? எதுர்ல நின்னாலே உன்னை எவனும் பாக்க மாட்டான்."

இது பாராட்டா இல்லையா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

தண்டையார்ப்பேட்டை, வண்ணாரப்பேட்டை எல்லாம் சுற்றினேன். 'டு லெட்' பலகை தொங்கும் வீட்டுக்கு எதிரே நிற்பேன். உள்ளேயிருந்து யாராவது வந்து, என்ன வேண்டும் என்று அவர்களாகவே கேட்க வேண்டும் என்று காத்திருப்பேன். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். கேட்டவர்கள் சொன்ன வாடகைக்கு நாயே தேவலை.

கடைசியில் திருவொற்றியூரில், ஒரே கிணற்றைச் சுற்றி வரிசையாகக் குடித்தனங்கள் இருந்த ஒரு காம்பவுண்டு வாசலில் நின்றேன். வீட்டுக்காரம்மாவே வந்தாள்.

"ஏம்பா, கம்பம் கணக்கா நிக்கிற? வூடு வேணுமா, தண்ணி வேணுமா?"

"வூடு. தோஸ்துக்கு."

"குடிப்பானா?"

"இல்ல."

"கோழி வளப்பானா?"

"இல்ல."

"மொதத் தேதி வாடகை வெப்பானா?"

நான் கிணற்றைப் பார்த்துக்கொண்டு, "வெப்பான்" என்றேன்.

ஓர் அறை, ஒரு சமையலறை, சமையலறைக் கதவைத் திறந்தால் பின்சந்து. மற்ற இடங்களில் கேட்டதில் பாதிகூட வாடகை இல்லை. ஏன் இவ்வளவு மலிவு என்று நாக்குள்ளவன் எவனும் கேட்டிருப்பான். நான் சட்டென்று என் கையிலிருந்து அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

குடி வந்த அன்று பொழுது சாயும் நேரம். நண்பன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். வெளியே சைக்கிள் மணி அடித்தது. அவன் பழக்க தோஷத்தில் சுவரைத் தேடினான். நான் ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். தண்டல்காரர் பக்கத்துப் போர்ஷன் வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு, தோல் பையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"டேய், இது அவன் வூடுடா!" என்று நண்பன் என் கழுத்தைப் பிடித்தான். பிறகு கையை எடுத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தான். "மாமு, அவன் எண்ணூர் வரிக்கும் என்னைத் தேடுவான். தன் செவுத்துக்கு அந்தாண்ட தேடுவானா?"

தேடவில்லை. அவர் விடியுமுன் வசூலுக்குப் போன பிறகு இவன் வேலையிலிருந்து வருவான். அவர் வீடு திரும்பி உள்ளே போனதும் இவன் பின்சந்து வழியாக வேலைக்குப் போவான். மாமியாருக்குச் சேதி போயிற்று.

அவள் வருவதாகச் சொன்ன நாள் ஞாயிற்றுக்கிழமையாகவும், முதல் தேதியாகவும் அமைந்துவிட்டது. ஞாயிறு என்றால் தண்டல்காரர் வீட்டில் இருப்பார். முதல் தேதி என்றால் வீட்டுக்காரம்மா வாடகைக்கு வருவாள். நண்பன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உள்ளே பதுங்கியிருந்தான். அவன் வாடகைப் பணத்தோடு நான் வாசலில் நின்றேன்.

அப்போது சமையலறைக் கதவு திறந்தது. தோல் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு தண்டல்காரர் பின்சந்திலிருந்து உள்ளே நுழைந்து தாழ்ப்பாள் போட்டார். திரும்பியவர் நண்பனைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் வாய் திறந்தது.

அதே நேரம் பக்கத்துக் கதவில் வீட்டுக்காரம்மாவின் கை இடியாக விழுந்தது. "யோவ், தண்டலு! மூணு மாச வாடகை! ஊரெல்லாம் வசூல் பண்ணிகினு கீற, எனக்கு எப்பய்யா குடுப்ப?"

தண்டல்காரர் வாயை மூடி, உதட்டில் விரல் வைத்தார். நண்பனும் வைத்தான்.

"நீயாடா?" என்று கிசுகிசுத்தார்.

"நாந்தான். குந்து அண்ணாத்த."

"எங்கடா என் பணம்?"

"சத்தமா கேளு. அந்தம்மாவுக்கும் கேக்கட்டும்."

அவர் பாயில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "உன்ன மாதிரி நாலு பேர் ஓடிட்டா நான் வாடகைக்கு எங்கடா போவேன்? பேஜாரு."

வீட்டுக்காரம்மா என்னிடம் வந்தாள். பணத்தை நீட்டினேன். எண்ணிப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கதவைப் பார்த்துக் கத்தினாள்: "கேட்டுக்கய்யா! நேத்து வந்தவன் தேதி தவறாம குடுக்கறான்!"

காம்பவுண்டுக்குள் அப்போதுதான் நுழைந்த மாமியார் இதைக் கேட்டு நின்றாள். பின்னால் குழந்தையோடு நண்பன் மனைவி. நான் வழிவிட்டேன். வேறென்ன செய்ய?

உள்ளே வந்ததும் மாமியார் அடுப்பைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், கடைசியில் பாயில் இருந்த ஆளைப் பார்த்தாள். "இவரு யாரு மாப்ள?"

வீட்டுக்காரம்மாவின் குரல் இன்னும் முற்றத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

"பக்கத்து வூடும்மா" என்றார் தண்டல்காரர், மெதுவாக. "உங்க மாப்ள தங்கமான ஆளு. வூட்ட வுட்டு எங்கியும் ஓட மாட்டாரு." பிறகு நண்பனைப் பார்த்தார். "இனிமே ஓட முடியாது."

மாமியாருக்குப் பரம திருப்தி. குழந்தையை அவர் மடியிலேயே போட்டுவிட்டு மூட்டையை அவிழ்க்கப் போனாள். குழந்தை தோல் பையை நனைத்தது. நண்பன் தன் மகளை முதன்முதலாகக் கையில் வாங்கியது தண்டல்காரரிடமிருந்துதான்.

அதன் பிறகு மணி அடிக்கவில்லை. தண்டல்காரர் சுவரில் ஒரு தட்டுத் தட்டுவார், சமையலறைக் கதவு வழியாகக் காசு போகும். முதல் தேதிகளில் அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. கடன் எப்போதோ தீர்ந்துவிட்டது. நண்பன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். தண்டல்காரருக்குப் பயந்து வேறு யாரும் அந்தப் பக்கம் வீடு கேட்டு வருவதில்லை, வாடகையும் ஏறவில்லை.

போன வாரம் அவன் என் வீட்டுக்கு ஓடிவந்தான். "மாமு, தண்டல்காரன் வண்ணாரப்பேட்டைக்கு வூடு மாறிகினு போறானாம்! அவன் போயிட்டா வாடகை ஏறிடும். நீ போய் போவாதன்னு சொல்லு."

இரண்டு நாளாக அவர் வீட்டுக்கு எதிரே நின்றுகொண்டிருக்கிறேன். அவராகவே வந்து, என்ன வேண்டும் என்று கேட்கட்டும் என்று. இன்னும் கேட்கவில்லை.

1954, ஆடி மாதம் முதல் ஞாயிறு.