கால் பெருவிரலில் கட்டிய கயிறு

என் குரல் நாலு வளவுக்குக் கேட்கும் என்று கொக்கட்டிச்சோலையில் எல்லாரும் சொல்வார்கள். கேட்காமல் என்ன செய்யும்? மில்லில் வேலை செய்த நல்லரத்தினத்தைக் கட்டிக்கொண்டு இருபத்தாறு வருசம் கதைத்துப் பாருங்கள், உங்கள் குரலும் கேட்கும். நான் கேதீஸ்வரி, அவருடைய பெண்சாதி.

நெல் மில்லில் மெசின் ஓடத் தொடங்கினால் வாய்க்கு வேலை இல்லை, கைதான் பேசும். கையைப் பொத்தினால் மெசினை நிற்பாட்டு. வயிற்றைத் தடவினால் தேத்தண்ணி. இவர் வீட்டுக்கு வந்தும் வயிற்றைத் தடவுவார். புதுப்பெண்ணாக இருந்த நான் வயிற்றுவலியாக்கும் என்று ஓமத்தண்ணி அவித்துக் கொடுத்தேன். மனுசன் அதையும் குடித்தார்.

முதலாளி ஒருமுறை காதை மூடுகிற கருவி வாங்கிக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு எல்லாரும் ஒரு போட்டோ எடுத்தார்கள், பார்த்து நானும் சிரித்தேன். அதோடு கருவி ஆணியில் தொங்கியது. "மெசின் என்ன சொல்லுது எண்டு எனக்குக் கேக்க வேணுமே" என்றார் இவர். மெசினைக் கேட்டுக் கேட்டே மற்றதெல்லாம் கேளாமல் போனது.

காது போனதை இவர் ஒத்துக்கொள்ளவில்லை. இடுப்பு போனதை மறைக்க முடியவில்லை. பெரும்போக அறுவடை நேரம், "இந்த ஒரு மூட்டைதானே" என்று தனியாகத் தோளில் ஏற்றினார். ஏற்றியவர் நிமிரவில்லை. ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மில் வேலையும் முடிந்தது. வீட்டில் இருந்துகொண்டு எனக்குத் தேங்காய் துருவப் படிப்பித்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் திருவலையால் ஒன்று போட்டிருக்கலாம்.

மகள் சுதர்சனா எங்களோடுதான் இருக்கிறாள். மருமகன் கட்டாரில் வேலை. கல்லடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள், பிள்ளைப்பேற்று லீவு முடிந்து திரும்பப் போக வேண்டும். நான் காலையில் இங்குள்ள பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைக்கப் போகிறவள். மூன்று மாதப் பேத்தியை யார் பார்ப்பது?

"நான் பாக்கிறன்" என்றார் இவர். அப்படி ஆசையாக அவர் எதையும் கேட்டதில்லை. "தூக்க வேணுமெண்டா பக்கத்து வீட்டுக் கனகமணியக் கூப்பிடுவன்."

"பிள்ளை அழுதா உங்களுக்குக் கேக்காது அப்பா. கல்லடியில பிள்ள பாக்கிற வீடு ஒண்டு இருக்கு, அங்க விடப்போறன்."

"ஆர் சொன்ன கேக்காதெண்டு?"

"அப்ப ஆஸ்பத்திரியில காதைச் சோதிச்சுக் காட்டுங்க."

கூட்டிக்கொண்டு போனேன். காது சோதிக்கிற நிஸ்றா என்ற மிஸ் இவரைத் தனக்கு முதுகு காட்டி இருத்தி, காதில் கருவியை மாட்டி, முதலே விளங்கப்படுத்தினார்: "சத்தம் கேட்டா கையத் தூக்குங்க ஐயா."

தூக்கினார். அடுத்ததுக்கும் தூக்கினார். ஒன்று தப்பவில்லை. "மில்லுல நிண்ட காதா இது?" என்று மிஸ் வாயைப் பிளந்தார். எனக்கோ சந்தேகம். பின்னால் நின்று நான் கத்தினாலும் திரும்பாத மனுசன் இவர். பிறகுதான் கண்டேன்: இவருக்கு முன்னால் கண்ணாடி அலுமாரி, அதற்குள் மிஸ்ஸின் விரல் பொத்தானை அமத்துவது அச்சொட்டாய்த் தெரிகிறது. அடப் பாவி மனுசா! வாழ்நாள் முழுக்க மற்றவன் கையைப் பார்த்தே வேலை செய்தவருக்கு இது ஒரு சோதனையா?

சிரிப்பும் வந்தது. வென்றிட்டுப் போகட்டும் என்றும் ஒரு கணம் நினைத்தேன். ஆனால் ஏணைத் தொட்டிலில் கிடந்து அழப்போவது பச்சைப்பிள்ளை. எழும்பிப் போய் முந்தானையை விரித்துக்கொண்டு அலுமாரிக்கு முன்னால் நின்றேன். இவருடைய கை மடியில் இருந்தது. முடியும் வரைக்கும் அது எழும்பவில்லை.

"போனது திரும்பி வராதும்மா. இனி மிச்சத்தையாவது காப்பாத்துங்க" என்றார் மிஸ். பஸ்ஸில் இவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. காட்டிக்கொடுத்தவள் நான்தானே.

அடுத்த நாள் வலை பின்னுகிற நைலோன் கயிற்றோடு வந்தார். ஒரு நுனியைச் சேலை ஏணையில் கட்டினார், மற்ற நுனியைத் தன் கால் பெருவிரலில் கட்டினார்.

"பிள்ளை அழ முதல் காலை உதைக்கும். மெசினும் பழுதாக முதல் அதிரும். மில்லில காலாலதான் எனக்கு விளங்கும்" என்றார்.

சுதர்சனா நம்பவில்லை. கதவடியில் நின்று பார்த்தாள். ஏணை அசைந்தது, பெருவிரல் இழுபட்டது, இவர் கை பிள்ளையின் நெஞ்சைத் தட்டிக் கொடுத்தது. நாங்கள் இரண்டு பேரும் இன்னும் அழுகைச் சத்தத்துக்குக் காத்துக்கொண்டு நின்றோம். மூன்று நாள் இப்படிச் சோதித்தாள். திங்கட்கிழமை பிள்ளையை விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

அன்று நான் சமையல் முடிந்து வந்தபோது இவர் ஏணையடியில் கயிறும் காலுமாக இருந்தார். முகத்தில் அவ்வளவு பெருமை. பிறகு மெதுவாகக் கேட்டார்:

"இவள் எப்பிடிகா அழுவாள்?"

யாரில் கோபிப்பது? மில்லிலா, ஆணியில் தொங்கின அந்தச் சாமானிலா, போட்டோவைப் பார்த்துச் சிரித்த என்னிலா? அவருக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்து, வாயைத் திறந்து, பேத்தி மாதிரியே அழுது காட்டினேன். கனகமணி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். இவர் என் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டு, "ஓம், ஓம், விளங்குது" என்றார். எவ்வளவு விளங்கியதோ.

பகிடிக்குத் தொடங்கிய அழுகை எனக்கு நிற்கவில்லை. அந்தச் சத்தத்தில் பிள்ளை எழும்பிவிட்டாள். பெருவிரல் இழுபட்டது. இவர் ஒரு கையால் ஏணையை ஆட்டிக்கொண்டு, மற்றக் கையை என் முகத்துக்கு நேரே நீட்டிப் பொத்திக் காட்டினார்.