ஆண்டு தெரியாத புத்தகம்

மாசி மாதம், வெள்ளிக்கிழமை, காலை எட்டரை மணி. கருங்கல் போகும் சாலையில் என் மனைவியை மோட்டார் சைக்கிளிலிருந்து கீழே விழவைத்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது.

அவள் கருங்கலுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. நான் பத்மநாபபுரத்தில் கோர்ட் குமாஸ்தா. மாட்டுவண்டியில் போய் இரண்டு தடவை அவளுக்கு முதல் மணி தவறிவிட்டது. இன்னொரு தடவை தவறினால் பள்ளி விடுதியிலேயே தங்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணமாகி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரே வீட்டில் இருப்பதற்காகத்தான், சீமைக்குத் திரும்பவிருந்த ஒரு தோட்டத்துரையிடம் அந்தப் பழைய வண்டியை வாங்கினேன்.

ஓட்டத் தெரியும், நன்றாக ஓட்டத் தெரியாது. எதையும் படித்துத்தான் கற்கவேண்டும் என்பது என் பழக்கம். சென்னைக் கடையொன்றின் பட்டியலில் மோட்டார் சைக்கிள் பற்றிய ஆங்கிலப் புத்தகங்கள் மூன்று இருந்தன. எது கடைசியாக அச்சானதோ அதைத் தேர்ந்தெடுத்துத் தபாலில் வரவழைத்தேன். அட்டையில் அச்சான ஆண்டையும் வாங்கிய நாளையும் எழுதினேன்.

வண்டியின் கருவிப் பெட்டியில், எண்ணெய்த் துணியில் சுற்றி, மெல்லிய புத்தகம் ஒன்றும் இருந்தது. அதை என் மனைவிதான் எடுத்துக் காட்டினாள்.

“வண்டியோடயே வந்த புஸ்தகம்லா, இதையும் படிச்சுப் பாருங்க.”

“முதல் பக்கத்தையே காணல. எந்த வருசம் அடிச்சதுன்னு தெரியாத புஸ்தகத்த எப்பிடி நம்புதது?”

“வருசம் தெரிஞ்சாத்தான் வண்டி ஓடுமா?”

அவள் அதைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அதுவரை நான் பின்பிரேக்கை மட்டுமே மிதித்து வந்தேன். அது கோழைத்தனம் என்றது புதுப் புத்தகம். வண்டியை உண்மையில் நிறுத்துவது முன்பிரேக்தான், தயங்காமல் உறுதியாகப் பிடி என்றது. அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டேன். அரண்மனைக் கோட்டைச் சுவரை ஒட்டிய கெட்டித் தரையில் பத்து நாள் பழகினேன். வண்டி சொன்னபடி நின்றது.

அந்த வெள்ளிக்கிழமை, இரண்டாம் போகமான கும்பப்பூ நெல்லின் அறுவடை நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் அடித்த கதிரைச் சாலையில் பரப்பிவிடுவார்கள்; போகிற வருகிற வண்டிச் சக்கரங்கள் ஏறி, மிச்ச நெல்லும் உதிரும். ஒரு வளைவைத் தாண்டியதும் சாலை முழுக்க வைக்கோல். நடுவில் ஒரு பெண் குனிந்து அதைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நான் படித்தபடியே செய்தேன். தயங்காமல், உறுதியாக, முன்பிரேக்கைப் பிடித்தேன்.

சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு போய்ச் சாய்ந்தது. நான் எழுந்து பார்க்கும்போது என் மனைவி ஓடையோரம் கிடந்தாள். சூடான புகைக்குழாயில் பட்ட வைக்கோல் புகையத் தொடங்கியிருந்தது.

“ஏட்டி, கொடத்த எடுத்துட்டு ஓடியா! அம்புட்டும் எரியப்போவுது!” என்று அந்தப் பெண் வயலில் நின்ற ஒருத்தியைப் பார்த்துக் கத்தினாள். தண்ணீர் ஊற்றி அணைத்த பிறகு என் பக்கம் திரும்பினாள். “சாரே, வண்டிக்குப் பிரேக்கு இல்லியா?”

“பிரேக்கப் பிடிச்சதாலதான் விழுந்தேன்.”

“அப்போ பிடிக்காம இருந்திருக்கலாம்லா?”

வயலில் நின்றவர்கள் சிரித்தார்கள். மனைவி எழுந்தாள். முழங்கையிலிருந்து ரத்தம் சேலையில் சொட்டியது. அவள் அழவில்லை, திட்டவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

“வண்டிய நிமித்துங்க. மணி அடிச்சிருவாவ.”

பள்ளி வாசலில் அவள் இறங்கும்போது மணி அடித்துக்கொண்டிருந்தது. முழங்கையை முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அன்று மாலை வீட்டில், பையிலிருந்து அந்த மெல்லிய புத்தகத்தை எடுத்து, ஒரு பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தாள். ‘புல், வைக்கோல், சரளை இவற்றின் மேல் முன்பிரேக்கைத் தொடவே கூடாது, முன்பே வேகத்தைக் குறைத்து, பின்பிரேக்கை மெதுவாக மிதி’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. எதிர்ப்பக்கத்துப் படத்தில் என் வண்டியே நின்றது. அதே விளக்கு, அதே கைப்பிடி. புத்தகங்கள் அச்சான ஆண்டையெல்லாம் குறித்துவைத்தவன், என் வண்டி எந்த ஆண்டில் செய்தது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

“திங்கக்கிழமை வண்டியில வருவியா?” என்று கேட்டேன்.

அவள் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயிலுக்குப் போய் வந்தபின், பிள்ளைகள் பைபிள் மனப்பாட வசனம் படிப்பதுபோல, புத்தகத்தின் அந்த அதிகாரத்தை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

திங்கட்கிழமை காலை பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அந்த வளைவு வருவதற்கு முன்பே, என் காதருகில், வரி பிசகாமல் ஒப்புவிக்கத் தொடங்கினாள். நான் முன்பிரேக்கிலிருந்து விரல்களை எடுத்துக்கொண்டேன்.