கப்பல் மருத்துவரின் மூக்கும் என் வயிற்றுப் பையும்

ஆக்லாந்தில் ரயில் ஒடாஹுஹு நிலையத்தைத் தாண்டியதும் வயிறு முறுக்கியது. நகர மையம் வரை தாங்கும் என்று நினைத்தேன். அடுத்த நிலையத்தைக்கூடத் தாண்ட முடியவில்லை. பென்ரோஸில் இறங்கி, கால்களை ஒட்டி ஒட்டி வைத்து நடந்து, முதலில் கண்ட பண்டகசாலையின் வரவேற்பு மேசையில் நின்று கழிவறை கேட்டேன். அங்கே இருந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கழிவறைக் கதவைக் காட்டினாள்.

கோப்பை முழுக்க இரத்தமும் சளியும். முதலில் வந்தது பயமல்ல, அருவருப்பு. என் உடம்பா இதைச் செய்தது என்றுதான் தோன்றியது. இதே நோய் உள்ளவர்கள் வாசிப்பீர்கள் என்பதால் பூசி மெழுகாமல் எழுதுகிறேன். மூக்கைச் சுளிப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

யாழ்ப்பாணத்தில் காணிப் பதிவகத்தில் பழைய உறுதிப் பத்திரங்களை வாசித்துப் பழகியவள் நான். கூட்டெழுத்து ஆங்கிலம் எவ்வளவு கோணல்மாணலாக இருந்தாலும் வாசித்துவிடுவேன். அந்த ஒரு தகுதியால்தான் ஆக்லாந்தில் ஒரு வரலாற்று ஆய்வாளரிடம் கையெழுத்துப் பிரதிகளைத் தட்டச்சு செய்யும் வேலை கிடைத்தது. அப்போது என் மேசையில் இருந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல் மருத்துவர் ஒருவரின் நாட்குறிப்பு. ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக அட்லாண்டிக் கடல் தாண்டிக் கொண்டுபோகும் கப்பல்களை மறித்துப் பிடிப்பதுதான் அந்தக் கடற்படைக் கப்பலின் பணி.

நல்ல காரியம்தானே என்று விருப்பத்தோடு தொடங்கினேன். ஒரு கப்பலைப் பிடிக்கிறார்கள். மருத்துவர் அதன் அடித்தளத்துக்குள் இறங்குகிறார். மனிதர்கள் நெருக்கியடித்துக் கிடக்கிறார்கள். பலருக்கு இரத்தக் கழிச்சல் (குடலில் தொற்று ஏற்பட்டு இரத்தமும் சளியுமாகப் போவது). அதைப் பற்றி நாலு வரி. பிறகு ஒரு பக்கம் முழுக்கத் தன் மூக்கைப் பற்றி எழுதுகிறார். நாற்றம் தன் சட்டையில் ஏறிவிட்டதாம். சாப்பாடு இறங்கவில்லையாம். மேலே வந்து, காற்று வருகிற பக்கமாகப் போய் நின்றுகொண்டாராம்.

அதை வாசித்தபோது, பாவம் அந்த மனிதர் என்றுதான் நினைத்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் எனக்குக் கொலனோஸ்கோபி (மலவாசல் வழியாகக் கமராவைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்தார்கள். பெருங்குடல் புண் அழற்சி என்றார்கள் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்கி உட்சுவரைப் புண்ணாக்கும் நோய்). ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. தினமும் எடுக்க மாத்திரை தந்தார்கள்.

அப்போதுதான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம். கந்தசஷ்டி வந்தது. யாரையும் கேட்காமல் ஆறு நாளும் பாலும் தண்ணீருமாக விரதம் இருந்தேன். நாலாம் நாள் இரத்தம் நின்றதுபோல இருந்தது. முருகன் கண் திறந்துவிட்டார் என்று என் கணவர் கோயிலில் கண்டவர்களுக்கெல்லாம் சொன்னார். நானும் நம்பி மாத்திரையை நிறுத்தினேன். சாப்பிடாத வயிற்றிலிருந்து போவதற்கு ஒன்றுமில்லை, அதனால்தான் போகவில்லை என்பது படித்த இரண்டு பேருக்கும் விளங்கவில்லை. முருகனை இதில் இழுக்காதீர்கள். பிழை முழுக்க எங்களுடையது. மருத்துவரைக் கேட்காமல் விரதம் பிடிக்கவும் வேண்டாம், மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

தைப்பொங்கலுக்குள் ஒரு நாளைக்கு இருபது தடவை என்று ஆகிவிட்டது. என் கணவர் கெட்டவரல்ல. துணி தோய்த்தார், கஞ்சி வைத்துத் தந்தார். ஆனால் நான் கழிவறையிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் வாசனைத் தெளிப்பானோடு வாசலில் நின்றார். சாமியறைக் கதவைச் சாத்தி வைக்கத் தொடங்கினார். எனக்கே என்னைக் கண்டால் குமட்டியது.

வீட்டிலிருந்தபடி நாட்குறிப்பைத் தொடர்ந்தேன். கப்பலைப் பிடித்தவுடனே அந்த மக்களை வெளியே விட்டிருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். விடவில்லை. பிடித்த கப்பலை ஃப்ரீடவுன் துறைமுகத்துக்குக் கொண்டுபோய், அங்கே நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அவர்களுக்கு விடுதலை. அதுவரை அதே கப்பல், அதே அடித்தளம். மீட்டவர்களும் மீட்கப்பட்டவர்களும் ஒன்றாகத்தான் பயணம் செய்தார்கள். ஆனால் மூக்கு மேலே நின்றது, வயிறு கீழே கிடந்தது.

மாசியில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஸ்டீராய்டை (அழற்சியை அடக்கும் மருந்து) இரத்தக்குழாய் வழியாக நாள்கணக்கில் ஏற்றியும் பலனில்லை. பெருங்குடலை எடுத்துவிட்டு ஸ்டோமா (சிறுகுடலின் நுனியை வயிற்றுத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து வைக்கும் வாய்) அமைக்க வேண்டும் என்றார்கள். அதன் மேல் ஒரு பை ஒட்டப்படும். மலம் அதற்குள் சேரும். மாட்டேன் என்றேன். மலத்தை வயிற்றில் கட்டிக்கொண்டு திரிவதைவிடச் சாவது மேல் என்று சொன்னேன். வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை வயிறு பானைபோல வீங்கியது. அறுவை மருத்துவர் தமிழ்நாட்டுக்காரி, என்னைவிட இளையவர். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"குடல் எப்ப வேணாலும் கிழியலாம்மா. கிழிஞ்சா உயிருக்கே ஆபத்து. இன்னைக்கே எடுத்தாகணும்" என்றார்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் கேட்டார்.

"பை கட்டினால் வீட்டில நாத்தம் வருமோ, டொக்டர்?"

மருத்துவர் அவர் பக்கம் திரும்பினார்.

"அவங்க பொழைப்பாங்களான்னு நீங்க இன்னும் கேக்கலையே சார்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இருபத்தேழு வருஷம் ஒன்றாக வாழ்ந்த மனிதர், அந்தக் கப்பல் மருத்துவரைப்போலக் காற்று வருகிற பக்கமாகப் போய் நிற்கிறார் என்று தெரிந்தது. அதைவிடக் கேவலம், என் வாயிலும் அதே கேள்விதான் இருந்தது. இரண்டு நாளாக நானும் உயிரைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. நாற்றத்தைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் கிடந்தது கீழ்த்தளத்தில். நினைத்தது மேல்தளத்து ஆட்களின் மூக்கால். அதுவரை என் குடலைப் பார்த்து அருவருத்தவள் அன்றைக்கு அந்த மூக்கைப் பார்த்து அருவருத்தேன்.

"சம்மதப் படிவத்தைத் தாங்கோ, பிள்ளை" என்றேன். மருத்துவரே பேனையையும் தந்தார். கையெழுத்துக் கிறுக்கலாக வந்தது.

கண் விழித்தபோது என் கணவர் அழுதுகொண்டிருந்தார். மன்னித்தேனா என்று கேட்காதீர்கள். ஒரே வீட்டில் இருக்கிறோம். வாசனைத் தெளிப்பானைக் குப்பையில் போட்டேன். சாமியறைக்குள் யாரையும் கேட்காமல் போய் வருகிறேன்.

பையைப் பற்றி நீங்கள் அறிய விரும்புவதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டோமா சிவப்பாக, ஈரமாக, சின்னத் தக்காளி அளவில் இருக்கும். தொட்டால் வலிக்காது. நேரம் காலம் பார்க்காமல் ஒழுகும். சில வேளை சபையில் சத்தமும் போடும். பை சரியாக ஒட்டியிருந்தால் நாற்றம் வராது. திறந்து காலி செய்யும்போது வரும், எல்லாருடைய மலமும் நாறுவதுபோல. முதல் மாதம் பார்க்கவே முடியவில்லை. இப்போது நகம் வெட்டுவதுபோல ஒரு வேலை.

மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பினேன். மிச்சமிருந்த பக்கங்களில் அந்தக் கப்பல் துறைமுகத்தை அடைகிறது. கரை தெரிகிறது. தீர்ப்பு வரவில்லை, அதனால் யாரையும் இறக்கவில்லை. வாரங்கள் போகின்றன. அத்தனை வாரங்களுக்கும் சேர்த்துக் கப்பல் மருத்துவர் ஒரே வரிதான் எழுதியிருக்கிறார். வானிலை நன்றாக இருந்ததாம், குறிப்பிட ஒன்றுமில்லையாம்.

என் துன்பத்தை அடித்தளத்தில் கிடந்த அந்த மக்களுடைய துன்பத்தோடு ஒப்பிட எனக்குத் துணிவில்லை. எனக்குப் பூட்டுள்ள கதவும் தண்ணீரும் சவர்க்காரமும் இருந்தன. ஆனாலும் இரத்தமாகப் போகிற ஒருவருக்கு ஒரு நாள் எவ்வளவு நீளம் என்பது எனக்குத் தெரியும். அந்த நாளுக்கு மணிக்கூடு கிடையாது. ஒரு முறுக்கு முடிந்து அடுத்த முறுக்கு வரும்வரைதான் காலம். அப்படி ஒரு நாளைக்கு இருபது. அப்படி எத்தனையோ வாரங்கள். அப்படி எத்தனை பேர், கரையைப் பார்த்துக்கொண்டு.

கை விசைப்பலகையில் அப்படியே நின்றுவிட்டது. பை நிறைந்தது. எழுந்துபோய்க் காலி செய்து, கை கழுவி வந்து உட்கார்ந்தேன். மறுபடியும் நிறைந்தது, மறுபடியும் போய் வந்தேன். எழுத்து விளங்கவில்லையா என்று ஆய்வாளர் கேட்டார். விளங்குகிறது என்றேன்.

காலையில் தொடங்கிய அந்த ஒரு வரியைத் தட்டச்சு செய்து முடிக்க எனக்குப் பின்நேரம் ஆகிவிட்டது.