என் சொல்லைக் கேட்காத பஸ்மியா

மகப்பேற்று லீவு முடிந்து, புத்தளத்தில் நான் வேலை செய்த உப்புப் பொதியிடும் நிலையத்துக்குத் திரும்பிய முதல் சனிக்கிழமை, வாசலிலேயே நின்றுவிட்டேன். அயடின் பரிசோதிக்கும் மேசையில், என் கதிரையில், வழக்கமாகப் பை தைக்கும் மெஷினில் நிற்கும் பஸ்மியா உட்கார்ந்திருந்தாள்.

“இனி சனிக்கிழமையில எல்லாரும் ஆளுக்காள் வேல மாறணும்,” என்றார் மெனேஜர் நஸீர் சேர். “மழையும் கரண்ட்டும் நம்மட கையில இல்ல. ஒராள் வராட்டி பெல்ட் நிக்காம பாக்கிறதாவது நம்மட கையில இருக்கட்டும்.”

கைக்குழந்தைக்காரியை நம்ப முடியாது, அதனால்தான் பதில் ஆள் பழக்குகிறார்கள் என்றே நான் எடுத்துக்கொண்டேன். ஆனாலும் கடமைக்குக் குறை வைக்கவில்லை. உப்பில் ஒரு சொட்டுக் கரைசல் விட்டால் அது கருநீலமாக வேண்டும், வெளுப்பாக இருந்தால் அயடின் போதாது என்று சொல்லிக்கொடுத்தேன். அவள் பார்த்த ஒவ்வொன்றையும் நானும் ஒருமுறை பார்த்தேன்.

“சோறு வடிச்சாலும் ரெண்டு தரம் வடிப்பீங்க போல தாத்தா,” என்று சிரித்தாள். எங்கள் பக்கம் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

சில மாதங்களில் என் மகனுக்குக் காய்ச்சல் கடுமையாகி, சிலாபம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள்; நானும் அங்கேயே இருந்தேன். அன்றுதான் குருநாகல் வியாபாரிக்கு லொறி போக வேண்டும். அயடின் குறைவென்று அவர் ஏற்கெனவே ஒருமுறை உப்பைத் திருப்பி அனுப்பியிருந்தார். மறுபடி திருப்பினால் அந்த ஓடர் போய்விடும். பொதியிடும் பெண்களில் பாதிப் பேருக்கு வேலையும் போய்விடும்.

பத்து மணிக்கு, என் மேசையில் இருந்த பஸ்மியா கோல் எடுத்தாள். “தாத்தா, கலர் வெளுப்பா வருது.”

“காலையில நல்லா வருது எண்டு சொன்னீங்கதானே? கரைசல் பழசா இருக்கும். லொறி காத்து நிக்குது, ஏத்துங்க.”

“புதுப் போத்தல்தான் உடைச்சன். ஏத்த ஏலா.”

“நான் சொல்றன் பஸ்மியா!”

“நீங்க அங்க இருக்கீங்க. உப்பு எனக்கு முன்னால இருக்கு. புள்ளையப் பாருங்க தாத்தா.” வைத்துவிட்டாள்.

முதலில் கோபம் வந்தது. பிறகு, அவள் சொல்வது சரியாக இருந்தால் என்ற பயம் வந்தது.

மதியம் தாண்டி சேர் கோலில் பேசினார். அயடின் தெளிக்கும் குழாயின் வாயில் உப்புப் படிந்து பாதி அடைத்திருந்ததாம். அதைச் சுத்தம் செய்து, பைகளைப் பிரித்து, உப்பை மறுபடி பெல்ட்டில் விட்டார்களாம். “லொறிக்காரன் ஏசுறான். ஏசட்டும். மகன் எப்படி?”

லொறி பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பின் புறப்பட்டது. ஒரு மூட்டைகூடத் திரும்பி வரவில்லை.

ஒருவர் வராவிட்டாலும் வேலை நடக்க வேண்டும் என்று ஆட்களைப் பழக்குகிறோம். அது பாதிதான். பழக்கியவரே பிழையாகச் சொன்னால் “ஏலா” என்று மறுத்துச் சொல்ல, மேசையில் இருப்பவருக்கு உரிமை வேண்டும். அந்த உரிமையை நான் பஸ்மியாவுக்குக் கொடுக்கவில்லை, அவளாகவே எடுத்துக்கொண்டாள். அல்ஹம்துலில்லாஹ்.