லாவல் தோற்ற நாள்

எட்டு வயது வரைக்கும், நகரங்களும் பிள்ளைகளைப் போலத்தான் வளர்கின்றன என்று நம்பிக்கொண்டிருந்தேன். எல்லோரும் தூங்கிய பிறகு, யாரும் பார்க்காத நேரத்தில், ஒரு நகரம் மெல்லக் கால் நீட்டும். காலையில் எழுந்து பார்த்தால் நேற்று வெறும் புல் கிடந்த இடத்தில் ஒரு தெரு இருக்கும், தெருவுக்குப் பெயர் இருக்கும், பெயருக்குக் கீழே பஸ் நிற்கும். நாங்கள் இருந்த லொங்குய்ய் இப்படியே நீண்டு நீண்டு, ஒரு நாள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மினுங்கும் மொன்ட்ரியாலைத் தொட்டுவிடும் என்று யன்னலோரக் கட்டிலில் படுத்தபடி கனாக் காண்பேன். தொடும்போது சத்தம் கேட்குமா என்பதுதான் என்னுடைய கவலை.

இந்த மூடநம்பிக்கைக்கு அப்பாவும் மாமாவும்தான் பொறுப்பு. அப்பா லொங்குய்யில் பஸ் ஓட்டினார். மாமா, அதாவது அம்மாவின் அண்ணை, மொன்ட்ரியாலுக்கு வடக்கே லாவலில் யன்னல் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். பெருநகரம் தன்பாட்டில் நடுவில் கிடக்க, அதன் தெற்கிலும் வடக்கிலும் இருந்த இந்த இரண்டு நடுத்தர ஊர்களில் எது பெரிது, எதில் சனம் கூடுகிறது என்று இரண்டு பேரும் ஞாயிறு தவறாமல் மல்லுக்கு நின்றார்கள். மொன்ட்ரியாலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அது போட்டிக்கு வெளியே இருந்தது.

அப்பா ஊரின் வளர்ச்சியைத் தன் பஸ்ஸில் நின்றுகொண்டு வருபவர்களை வைத்து அளந்தார். மாமா யன்னல்களை வைத்து அளந்தார்.

"உம்மட பக்கம் கிழடுகள்தான் கூட, மச்சான். இஞ்ச கிழமைக்கு ஒரு கட்டடம் எழும்புது. அவ்வளவு யன்னலும் எங்கட கையாலதான் போறது" என்பார் மாமா.

"யன்னல் கூடினாப் போல சனம் கூடுமே? காலமை என்ர பஸ்ஸில ஏறிப் பாரும், நிக்க இடமிருக்கோ எண்டு" என்பார் அப்பா.

அம்மா தேத்தண்ணீரை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துவிட்டு, "ரெண்டு மேயர்மாரும் ஆறமுதல் குடியுங்கோ" என்று சொல்லிப் போவார்.

நான் அப்பாவின் கட்சி. அதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. ஆனால் என் கட்சிக்கு அடிமேல் அடி விழுந்துகொண்டிருந்தது. முதலில், எங்கள் ஊரோடு சேர்த்து வைத்திருந்த புரொசார் என்ற பக்கத்து ஊர் வாக்கெடுப்பு வைத்துத் தனியாகப் போனது. அதைக் கேட்டதும் மாமா லாவலிலிருந்து துக்கம் விசாரிக்க வந்தார், கையில் ஒரு பெட்டி கேக்கோடு. "அடுப்பு வேறயெண்டாலும் கிணறு ஒண்டுதான், மச்சான். பொலிசும் தண்ணியும் இப்பவும் சேர்த்துத்தான்" என்றார் அப்பா. சொன்னாரே தவிர, கேக்கைத் தொடவில்லை. அடுத்தது மெட்ரோ. எங்களுக்கு நெடுங்காலமாக ஒரே ஒரு நிலையம், மஞ்சள் பாதையின் கடைசியில். லாவலுக்கு ஒரே நாளில் மூன்று நிலையங்கள் திறந்தார்கள். அன்று மாமா தொலைபேசியில் வேறு ஒரு வார்த்தையும் பேசாமல் "மூண்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். அப்பா இரண்டு கிழமை மெட்ரோ என்ற சொல்லையே வாயில் எடுக்கவில்லை.

இந்த வாக்குவாதங்கள் எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் முடியும். "ஆனபடியா, நீங்கள் லாவலுக்கு வாங்கோ" என்பார் மாமா. அப்பா எழுந்து போய்விடுவார். அம்மா கோப்பைகளை எடுப்பார்.

எங்கள் யாழ்ப்பாணத்துச் சனத்திடம் ஒரு வழக்கம். பெண்பிள்ளைக்கு ஒரு வீட்டைக் கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பார்கள். தகப்பன் இல்லையென்றால் அந்தப் பொறுப்பு தமையன் தலையில் விழும். அம்மாவுக்கென்று ஊரில் இருந்த வீடு சண்டைக் காலத்தில் இராணுவத்தின் முட்கம்பி வேலிக்குள் போய்விட்டது. அப்பாவோ, சீதனம் என்ற பேச்சையே தன் முன்னால் எடுக்கக்கூடாது என்று சொல்லி, மொன்ட்ரியாலில் ஒரு வாடகை மண்டபத்தில் அம்மாவுக்குத் தாலி கட்டி அழைத்துப் போனவர். அதில் அவருக்கு எவ்வளவு பெருமையோ, மாமாவுக்கு அவ்வளவு வெட்கம். தங்கச்சியை வெறுங்கையோடு அனுப்பியவன் என்ற எண்ணம் மாமாவை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அம்மாவுக்கு எப்படியாவது ஒரு வீடு கொடுத்துவிட வேண்டும், அதுவும் தன் கண்ணெதிரே கொடுக்க வேண்டும். அதை நேரே சொன்னால் அப்பா வீட்டுப் படியேறவே விடமாட்டார். ஆகவே மாமா லாவலின் மக்கள்தொகையைப் பற்றிப் பேசினார். இதையெல்லாம் அம்மா பல வருடங்களுக்குப் பிறகுதான் எனக்குச் சொன்னார். அப்போது எனக்குத் தெரிந்திருந்தது மெட்ரோ நிலையங்களின் கணக்கு மட்டும்.

மார்கழி முடியட்டும் என்று காத்திருந்து, தை பிறந்ததும் மாமா லாவலில் வீடு வாங்கிக் குடிபூரலுக்கு எங்களை அழைத்தார். அப்பா கார் எடுக்கவில்லை. பனி கடுமையாக இருந்தது என்பது அவர் சொன்ன காரணம். அந்த மூன்று நிலையங்களையும் ஒரு தரமாவது பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தப் பயணம் இன்றும் எனக்குள் ஒரு நித்திரையைப் போல இருக்கிறது. மெட்ரோ ஆற்றுக்கு அடியால் போகும்போது மேலே பனிக்கட்டியும் அதற்கு மேலே வெயிலும் இருப்பதை நினைத்துக்கொண்டேன். அம்மாவின் சேலைக்கு மேல் தடித்த கோட்டு. கோட்டுக்கு உள்ளிருந்து மல்லிகை எண்ணெய் வாசம். நடுவில் செம்மஞ்சள் பாதைக்கு மாறினோம். பிறகு நிலையங்கள் ஒவ்வொன்றாக வந்து, ஒவ்வொரு கதவு திறப்பிலும் கொஞ்சம் குளிர் ஏறி, கொஞ்சம் சனம் இறங்கி, கடைசியில் பெட்டியில் நாங்கள் மூன்று பேர் மட்டும்தான் மிஞ்சினோம் என்று எனக்குத் தோன்றியது. நகரங்கள் இரண்டும் பூமிக்குக் கீழே வேர்போல இந்த ஒரு பாதையால் கட்டுண்டு கிடக்கின்றன, ஆனால் அது அவற்றுக்குத் தெரியாது என்று யோசித்தபடி அப்பாவின் தோளில் தூங்கிப்போனேன். எழுப்பியபோது லாவலுக்குக் கீழே இருந்தோம். நிலையம் பெரிதாகவும் வெளிச்சமாகவும் இருந்தது. அப்பா நின்று கூரையை அண்ணாந்து பார்த்தார். "பரவாயில்லை" என்றார்.

மாமாவின் வீடு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு வீடுகள் கொண்ட கட்டடம். மேல்வீட்டுக்கு வெளியால் வளைந்து போகும் இரும்புப் படி. கீழ்வீட்டில் ஐயர் பூசையை முடித்தார், மாமி புதுப் பானையில் பால் காய்ச்சினார், பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது, எல்லோருக்கும் சந்தோசம். ஐயர் அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டதென்று புறப்பட்டுப் போனார். நான் சாப்பாட்டுக்குத் தயாரானேன்.

அப்போது மாமா உள்ளே போய் இன்னொரு புதுப் பானையோடு வந்தார். "மேலயும் ஒருக்கா காய்ச்சுவம். நேரம் இருக்கு" என்றார்.

படியில் இருந்த பனியையெல்லாம் அவர் விடியவே வழித்து உப்புப் போட்டு வைத்திருந்தார். மேல்வீடு வெறுமையாகக் கிடந்தது. சுவர்களுக்குப் புதுப் பெயின்ட். யன்னல்கள் எல்லாம் மாமாவே செய்தவை. அவற்றுக்கூடாகப் பார்த்தால் தூரத்தில் இரண்டு மூன்று பாரந்தூக்கிகள் வெள்ளை வெளிக்குள் தலைநீட்டிக்கொண்டு நின்றன. லாவல் எங்கள் கண்முன்னாலேயே, பட்டப்பகலில், கொஞ்சமும் கூச்சமில்லாமல் வளர்ந்துகொண்டிருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

மாமா பானையை அம்மாவிடம் நீட்டினார். "பிள்ளை, இதில நீ காய்ச்சு."

புது வீட்டில் முதல் பாலைக் காய்ச்சும் பெண்ணுக்குத்தான் அந்த வீடு. இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தருவதில்லை, எல்லோருக்கும் தெரியும். அம்மாவின் கை பாதி வழியில் நின்றுவிட்டது. மாமி நிலத்தைப் பார்த்தார். அப்பா யன்னலைப் பார்த்தபடியே பேசினார்.

"மச்சான், இது வேண்டாமெண்டு நான் அண்டைக்கே சொன்னனான்."

"நீர் வேண்டாமெண்டனீர். அவளிட்ட ஆர் கேட்டது?" என்றார் மாமா.

அப்பா தோற்றுக்கொண்டிருக்கிறார் என்று மட்டும் எனக்கு விளங்கியது. ஆகவே என்னால் முடிந்த உதவியைச் செய்தேன். "லொங்குய்யிலதான் சனம் கூட!" என்று கத்தினேன். வெறும் சுவர்களில் பட்டு அது இரண்டு தரம் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை.

அம்மா பானையை வாங்கினார். கோட்டைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, அடுப்பைப் போட்டுப் பாலை ஊற்றினார். நாங்கள் நால்வரும் பானையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பால் நெடுநேரம் யோசித்தது. பிறகு ஓரத்தில் நுரை கட்டி, எழுந்து, எந்தப் பக்கம் என்று பார்க்க இடம் தராமல் நாலு பக்கமும் வழிந்து அடுப்பில் கருகி, குசினி முழுக்கப் புகை பரவி, கூரையிலிருந்த புகை அலாரம் ஊரைக் கூட்டுவதுபோல அலறத் தொடங்கியது.

மாமி காதைப் பொத்தினார். மாமா அதை நிறுத்தத் தெரியாமல் இங்கும் அங்கும் ஓடினார். முதலில் அசைந்தவர் அப்பாதான். கழுத்திலிருந்த கம்பளிச் சால்வையை உருவி, நுனிக்காலில் நின்று, அலாரத்துக்குக் கீழே வீசு வீசென்று வீசினார். "யன்னலைத் திறவும் மச்சான்!" என்று கத்தினார். மாமா தான் செய்த யன்னலைத் திறந்தார். குளிர் உள்ளே வந்தது, புகை வெளியே போனது, சத்தம் நின்றது. அப்பா மூச்சு வாங்கியபடி நின்றார், சால்வை கையில் தொங்க. வேண்டாம் என்று அவர் மறுபடி சொல்லவில்லை.

அம்மா மிஞ்சிய பாலை ஐந்து கடதாசிக் கோப்பைகளில் ஊற்றினார். முதல் கோப்பையை மாமாவிடம் கொடுத்தார்.

"அண்ணை, நீங்கள் தந்திட்டீங்கள். நான் வாங்கிட்டன். எல்லாரும் பாத்தவை. இனி இது என்ர வீடு."

மாமா தலையாட்டினார். அப்பா கோப்பைக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ர வீடெண்டபடியா நான் சொல்லுறன்" என்றார் அம்மா. "இதில இப்போதைக்கு ஆரையாவது இருத்துங்கோ. புதுசா வந்து இடமில்லாமல் திரியிற சனம் எத்தினை. நாங்கள் லொங்குய்யிலதான் இருக்கப்போறம். அவரின்ர பஸ் அங்கதானே நிக்குது."

அப்பா அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை நான் அவர் முகத்தில் அதற்குப் பிறகு சில தரங்கள்தான் கண்டிருக்கிறேன். பிறகு பாலைக் குடித்துவிட்டு, "நல்ல யன்னல், மச்சான். காத்துப் பூராதபடி செய்திருக்கிறீர்" என்றார்.

மாமா யன்னலை மெல்லச் சாத்தினார். பிறகு சொன்னார்: "லொங்குய்யும் நல்ல இடந்தான்."

எனக்குக் காதை நம்ப முடியவில்லை. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தடவையும் அந்த வாயிலிருந்து வராத சொல். மூன்று நிலையங்களும் பாரந்தூக்கிகளும் அவ்வளவு யன்னல்களும் இருந்தும் லாவல் தோற்றுவிட்டது! அம்மாவின் கோட்டை அணைத்துக்கொண்டு அந்த வெறும் அறையில் துள்ளித் துள்ளிச் சுற்றினேன்.

சுற்றி முடிந்து பார்த்தால் மாமாவைக் காணவில்லை. கதவைத் திறந்தேன். அவர் மேல்படியில், கோட்டுமில்லாமல் தொப்பியுமில்லாமல், கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். பெரிய மனிதர்கள் அப்படித் தோள் குலுங்க அழுவார்கள் என்று நான் அறிந்திருக்கவில்லை. எனக்கு மிகவும் இரக்கமாகிவிட்டது. வென்றவர்கள் அடக்கமாக நடந்துகொள்ள வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருந்தார்கள். ஆகவே அம்மாவின் கோட்டை அவர் தோளில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அழாதேங்கோ மாமா" என்றேன். "லாவலும் பிறகு வளரும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னை இழுத்து மடியில் இருத்தி, கண்ணீர் வடிய வடியச் சிரித்தார். "ஓம் பிள்ளை, வளரும்" என்றார். தோற்றுப்போன ஒருவர் அவ்வளவு சந்தோசமாக அழுததை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.