சோத்துப் பார்சலில் போன பத்திரிகை

எனக்கு ஒழுங்காக எழுத வராது. அதை முதலிலேயே சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. கையெழுத்து மட்டும் உருண்டை உருண்டையாக, பார்க்க நன்றாக இருக்கும். விஷயம்தான் முன்னுக்குப் பின்னாக வரும். மறதியும் கூடிவிட்டது. அவளுடைய பத்திரிகை வேலையைப் பாராட்டி ஒரு மலர்ப் புத்தகம் போடப் போகிறோம், உங்கள் வீட்டில்தானே இருந்தவள், நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று வந்து கேட்டவர்களுக்கு முடியாது என்று சொல்லவும் கூச்சம். அதனால் எழுதுகிறேன்.

சண்டைக் காலம். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. ரயில் போனால் அலுமாரிக் கண்ணாடி கிலுகிலுக்கும். என் வீட்டுக்காரர் புறக்கோட்டையில் ஒரு இரும்புச் சாமான் கடையில் வேலை. நான் மத்தியானச் சோறு சமைத்துப் பார்சல் கட்டிக் கந்தோர்களில் வேலை செய்கிறவர்களுக்கு அனுப்புவேன்.

முன் அறை வாடகைக்கு என்று கேள்விப்பட்டு அவள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். ஒட்ட வெட்டின தலைமயிர், சேர்ட், காற்சட்டை. காதில் தோடு இல்லை, ஒரு பென்சில் இருந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்றபடி, “தம்பி, அவர் வீட்டில இல்லை, பின்னேரம் வாரும்” என்றேன்.

“அக்கா, நான் தம்பி இல்ல. ஆனா ரூம் தருவீங்கன்னா தம்பியாவே இருக்கிறேன்” என்றாள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உள்ளே ஓடிவிட்டேன்.

அவள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் கொழும்பிலேயே, கொட்டாஞ்சேனையில். தகப்பன் துறைமுகத்தில் வேலை செய்தவர். சிங்களம் அவள் வாயில் தண்ணீர் மாதிரி ஓடும். ஒரு தினசரியில் பெண்கள் பக்கத்துக்கு எழுதிக்கொண்டிருந்து, அந்தக் கிழமைதான் வேலை போயிருந்தது. கிழமைக்கு ஒரு சமையல் குறிப்பு எழுத வேண்டுமாம். அவள் “வெளிநாட்டு மாப்பிள்ளைப் பொரியல்” என்று எழுதிவிட்டாள். மாப்பிள்ளையை முதலில் சீதனத்தில் நன்றாக ஊறவிடவும். ஊறினதும் தாயார் தானாக மேலே மிதப்பார், அவரைக் கரண்டியால் வழித்து எடுத்துவிடவும். விசா வரும்வரை மெல்லிய நெருப்பில் வைக்கவும். இப்படிப் போனது குறிப்பு. ஆசிரியர் வீட்டிலும் அப்போது ஒரு லண்டன் மாப்பிள்ளை அடுப்பில் இருந்திருக்கிறார். அடுத்த நாளே இவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் குறிப்பை என் வீட்டுக்காரர் எனக்கு வாசித்துக் காட்டினார். இரண்டாம் வரிக்குமேல் அவருக்கும் வாசிக்க முடியவில்லை, எனக்கும் கேட்க முடியவில்லை. சிரித்துச் சிரித்து வயிறு நோக, “குடுப்பம் அப்பா” என்றேன். அறை அவளுக்குப் போனது. வீட்டில் இருக்கிறவர்களின் விபரம் பொலிசுக்குக் கொடுக்க வேண்டிய காலம் அது. தொழில் என்ற இடத்தில் அவர் “தையல்” என்று எழுதிக் கொடுத்தார். அவளோ சேர்ட்டுக்குப் பொத்தான் தைக்கத் தெரியாமல் ஊசி குத்திக்கொண்டு திரிகிறவள்.

வந்த மாதமே சொந்தப் பத்திரிகை தொடங்கினாள். தெமட்டகொடையில் பழைய சாமான் கடை ஒன்றில் பிரதி எடுக்கிற ரோணியோ மெஷின் வாங்கி, ஸ்கூட்டரின் பின்னால் வைத்துப் படுக்கை விரிப்பால் மூடிக்கொண்டு வந்தாள். வழியில் ஆமிக்காரன் மறித்து என்ன சாமான் என்று கேட்டானாம். இடியப்பம் பிழிகிற மெஷின் என்றாளாம். அவன் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு ஒன்று வேண்டும், எந்தக் கடை என்று கேட்டானாம்.

அச்சுக்கூடம் மாதிரி இல்லை இது. மெழுகுத் தாளில் இரும்பு முனைப் பேனாவால் கையால் எழுத வேண்டும். அதை மெஷினில் போட்டுச் சுற்றினால் பிரதி வரும், ஒரு தாளுக்கு ஒரு பக்கம், இதழுக்கு இரண்டு தாள். முதல் இதழை அவளே எழுதினாள். கோழி கிளறின மாதிரி இருந்தது. ஒருவருக்கும் ஒரு சொல் விளங்கவில்லை. அவள் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நான் கூச்சத்தோடு, “நான் எழுதிப் பாக்கட்டோ?” என்று கேட்டேன்.

அன்றைக்குத் தொடங்கியது. வெள்ளிக்கிழமைப் பின்னேரம் ஒழுங்கைச் சனம் கோயிலுக்குப் போன பிறகு, நான் குசினியில் சமையல் மேசையடியில் இருப்பேன். அவள் சிகரெட்டும் கையுமாக யன்னலடியில் நடந்து நடந்து சொல்லுவாள். அரசாங்கத்தை ஏசிச் சொல்லுவாள், எழுதுவேன். இயக்கப் பெடியளை ஏசிச் சொல்லுவாள், கதவைச் சாத்திவிட்டு எழுதுவேன். கோயில் தர்மகர்த்தாவை ஏசினபோது மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

“பிள்ளை, சாமி குற்றம் வரும்.”

“கை உங்கட, பாவம் என்ட. எழுதுங்க அக்கா.”

எழுதினேன். அந்த வரி நல்ல வரி என்று எனக்குள்ளே நினைத்தேன், அதையும் சொல்லத்தானே வேண்டும். மெஷின் டக்கு டக்கு என்று ஓடும்போது சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று நான் உரலில் அரிசி மா இடிப்பேன். இதழ் பெருக மாவும் பெருகியது. பிட்டு, பிறகும் பிட்டு. பிட்டு என்றாலே என் வீட்டுக்காரர் முகம் சுருங்கும்.

பிறகு கடைகள் அந்தப் பத்திரிகையை வைக்க மறுத்துவிட்டன. யாரோ வந்து மிரட்டிவிட்டுப் போயிருந்தார்கள். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று கடைக்காரர்களுக்கே தெரியவில்லை, இவள் இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரித்தானே ஏசினாள். கட்டுக் கட்டாக இதழ்கள் அறையில் கிடந்தன. அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் எனக்குப் பார்சல் சுற்றப் பழைய பேப்பர் முடிந்துவிட்டது. சோற்றை லஞ்ச் ஷீட்டில் மடித்து, வெளியே பேப்பர் சுற்றி நூல் கட்டுவதுதானே வழக்கம். அவளிடம் கேட்டேன். “எடுங்க அக்கா, சோறாவது அதை வாசிக்கட்டும்” என்றாள். சுற்றி அனுப்பினேன். அடுத்த நாள் என் வீட்டுக்காரர் வெறும் பையோடு சிரித்துக்கொண்டு வந்தார்.

“இஞ்சாரும், கந்தோரில சண்டையப்பா. ஒருத்தனுக்கு முதல் பக்கம், பக்கத்து மேசைக்காரனுக்கு ரெண்டாம் பக்கம். மாத்தி மாத்தி வாசிக்கிறாங்கள். நாளைக்கு ரெண்டும் வேணுமாம். குழம்பு ஒழுகாமல் கட்டட்டாம்.”

அவள் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். எனக்கு அப்போது நாற்பது தாண்டிவிட்டது, கையில் அகப்பை வேறு. பாதிப் பார்சலை அவர் ரயிலில் கொண்டுபோவார், மீதியை அவள் ஸ்கூட்டரில் பம்பலப்பிட்டிப் பக்கம் கொண்டுபோவாள். எனக்குச் சோற்றில் பெயர் வந்ததா பேப்பரில் பெயர் வந்ததா என்று இன்றைக்கும் தெரியாது. குழம்பைக் கட்டியாக வைக்கப் பழகிவிட்டேன்.

இப்போது சுற்றிவளைப்பு நடந்த நாளுக்கு வருகிறேன். அந்தக் கிழமை இதழில் ஒரு படமும் கேள்வி பதிலும் வந்திருந்தன. படத்தில் பெரிய மீசை வைத்த பொலிஸ் பெரியவர். அந்த நாளில் தமிழரைக் கண்டால் பொலிஸ் கேட்கிற கேள்வியைத்தான் அவரும் கேட்கிறார்: கொழும்புக்கு ஏன் வந்தாய்? கீழே விடைகள். கடல் இங்கேயும் உப்பா என்று பார்க்க. உங்களைப் போல ஒருவர் இவ்வளவு அன்பாக விசாரிப்பார் என்று கேள்விப்பட்டு. இப்படி ஒரு பக்கம் முழுக்க. படம் அவள் கீறியது, எழுத்து என்னுடையது.

விடியற்காலையில் பொலிஸ்காரர் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். எங்கள் வீட்டிலும் அதே கேள்வி. என் வீட்டுக்காரர் அடையாள அட்டையைக் காட்டித் தப்பினார். அவளிடம் கேட்டபோது சிங்களத்தில், “நான் பிறந்ததே கொட்டாஞ்சேனையில். நீங்கள் ஏன் வந்தீர்கள்?” என்று கேட்டாள். ஒழுங்கையில் பிடித்த மற்றவர்களோடு அவளையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். நல்ல காலம், மெஷின் உரலுக்குப் பக்கத்தில் சாக்கால் மூடிக் கிடந்தது, ஒருவரும் கவனிக்கவில்லை.

பின்னேரத்துக்குள் விட்டால் விட்டதுதான். எழுதுகிறவள் என்று தெரிந்தால் பெரிய இடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே போனவர்கள் எப்போது வருவார்கள் என்று கேட்க ஆளில்லை. எனக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? சமைத்தேன். பிடித்துக்கொண்டு போன எல்லோருக்குமாகப் பதினைந்து பார்சல். “பொலிஸ் பெரியவருக்கும் ஒண்டு கட்டும், மனம் இளகும்” என்றார் என் வீட்டுக்காரர். நல்ல கத்தரிக்காய்ப் பால்கறி வைத்துக் கட்டினேன்.

பொலிஸ் வாசலில் பையை இறக்கினபோதுதான் கண்ணில் பட்டது. கை பழக்கத்தில் புது இதழை எடுத்துச் சுற்றியிருந்தது. பதினாறு பார்சலிலும் பதினாறு மீசை.

திரும்ப எடுக்க முன்னமே பையை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள், நானும் பின்னாலேயே ஓடினேன். பெரியவர் தன்னுடையதைப் பிரித்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, மீசை தெரியும்தானே. தன் மீசையைத் தடவிப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். எங்கே எடுத்த பேப்பர் என்று என்னைக் கேட்டார். நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் மொழிபெயர்க்க நின்ற முஸ்லிம் கான்ஸ்டபிள்தான், “சேர், பார்சல் சுத்துறதுக்குக் கிலோ கணக்கில விக்கிற கழிவுப் பேப்பர்” என்று சிங்களத்தில் சொன்னார்.

பெரியவர் நம்பவில்லை. பிடித்து வந்த எல்லோரையும் ஒவ்வொரு வரி தமிழில் எழுதச் சொன்னார். பேப்பரோடு ஒத்துப் பார்க்கப் போகிறாராம். நான் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டேன். ஒவ்வொருவராக எழுதினார்கள். அவள் முறை வந்தது. அவள் எழுதியதைப் பெரியவர் நேராகப் பிடித்துப் பார்த்தார், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். இவள் பள்ளிக்கூடமே போகவில்லையா என்று கேட்டார். அறையே சிரித்தது. அவளும் தலையைக் குனிந்துகொண்டு பாவம்போல நின்றாள், கள்ளி.

“அப்ப இந்தப் பார்சல் பொம்பிளை?” என்று இன்னொரு பொலிஸ்காரர் கேட்டார். பெரியவர் மஞ்சள் கறை பட்ட என் சேலையைப் பார்த்துவிட்டுக் கையை வீசினார். இவளாவது எழுதுவதாவது என்ற மாதிரி. உயிர் பிழைத்த நேரத்தில் எனக்கு ஒரு ரோஷம் வந்தது பாருங்கள். என் கையெழுத்துக்கு நாலாம் வகுப்பில் பரிசு கிடைத்தது!

பால்கறி முடிந்த பிறகு எல்லோரையும் விடச் சொன்னார். கூட்டிக்கொண்டு போகிறவர்கள் பதிவுக் கொப்பியில் பெயர், முகவரி, உறவு எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். கான்ஸ்டபிள் கொப்பியை என் பக்கம் தள்ளினார். நான் யோசிக்காமல் எழுதத் தொடங்கிவிட்டேன், உருண்டை உருண்டையாக. பாதியில் கான்ஸ்டபிளின் விரல் கொப்பியில் வந்து நின்றது. மேசையில் கிடந்த இதழைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். நான் பேனாவை விடவும் முடியாமல் பிடிக்கவும் முடியாமல் நின்றேன்.

அவர் மெதுவாகக் கொப்பியை மூடினார். குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “அக்கா, மத்தப் பக்கம் எங்க ஈக்குது?” என்றார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது காலி வீதி என்கிற அந்தப் பெரிய தெரு முழுக்கச் சிரித்தோம். பார்த்தவர்கள் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். “அக்கா, என் எழுத்துக்கு டீச்சர் அடிச்ச அடியெல்லாம் இன்னைக்கித் தீர்ந்திச்சு” என்றாள். அதன்பிறகு சனிக்கிழமை தோறும் அந்தக் கான்ஸ்டபிளுக்கு ஒரு பார்சல் போகும், இரண்டு பக்கமும் சேர்த்து. அவர் ஒரு நாளும் கறியைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை.

சில வருடம் கழித்து அவள் குளிர் நாடு ஒன்றுக்குப் போனாள். அங்கேயும் யாரையாவது ஏசி எழுதிக்கொண்டுதான் இருக்கிறாள், வேலையும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. இப்போது மலரின் அட்டையில் ஒரு பழைய இதழைப் போட்டு, “அவருடைய அழகிய கையெழுத்தில்” என்று எழுதப் போகிறார்களாம். இத்தனை நாளும் நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவளுக்கு ஆபத்து. இப்போது ஆபத்து இல்லை. அது என் கையெழுத்து. அதை மட்டும் மாற்றிப் போடுங்கள். என் பெயர் வேண்டாம், கூச்சமாக இருக்கும்.

மற்ற விபரங்களை யாராவது ஒருதரம் சரிபார்க்க வேண்டும். பார்சல் பதினாறா பதினெட்டா, மீசைப் படம் முதல் பக்கத்திலா இரண்டாம் பக்கத்திலா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. அவளிடமே கேட்கலாம். ஆனால் தொலைபேசியில் கேளுங்கள். எழுதி அனுப்பச் சொல்லிவிடாதீர்கள், பிறகு அதை வாசித்துச் சொல்லவும் என்னிடம்தான் வர வேண்டியிருக்கும்.